தேக்கும் நொச்சியும் துளசிக்கு உறவு ஆனது எப்படி? ஓய்வுக்குப் பின் தாவரவியலுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

சீமைக் கருவேலத்தை அகற்றுவது பற்றிய செய்தி தமிழ்நாட்டில் ஓய்வதே இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு, 2022-இல் அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்று மாநில அரசு வெளியிட்ட தனிக் கொள்கை என்று பேச்சு தொடர்ந்துகொண்டே இருக்கிறது. நாளிதழ்களில் இந்த மரத்தின் அறிவியல் பெயர் 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா'. கண்மாய்க் கரையில் நின்று கைப்பேசிச் செயலியில் படம் எடுத்தால் வருவது 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா'. பக்கத்தில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தைக் காட்டினால் 'அக்கேசியா' வராமல் 'வாச்செல்லியா' வருகிறது. எருக்கைக் காட்டினால் அரளிக் குடும்பம் என்கிறது. தேக்கைக் காட்டினால் துளசிக் குடும்பம் என்கிறது.

1970-களிலும் 80-களிலும் கல்லூரியில் தாவரவியல் படித்து, வேறு வேலைக்குப் போய், ஓய்வு பெற்ற பிறகு செடிகொடிகளைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். செயலி தவறாகச் சொல்கிறதோ, நமக்குத்தான் மறந்துவிட்டதோ என்று இரண்டு சந்தேகம் வரும். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் தாவரங்களை வகைப்படுத்தும் அடிப்படையே மாறிவிட்டது. என்ன மாறியது, எது மாறவில்லை என்று தெரிந்துகொண்டால், பழைய படிப்பில் பெரும்பகுதி இன்றும் கைகொடுக்கும்.

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

ஒரு தாவரத்தின் பெயர் மாறினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று:

1. வகைப்பாடு மாறியது. எந்தச் செடி எதற்கு நெருங்கிய உறவு என்பது பற்றிய அறிவியல் முடிவு இது. புதிய சான்று கிடைத்தால் மாறும்.

2. பெயரிடும் விதி செயல்பட்டது. உறவு பற்றிய முடிவு எதுவாக இருந்தாலும், அந்தக் குழுவுக்கு எந்தப் பெயர் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு அதைத் திருத்துகிறது. முதலாவது ஆய்வுக்கூடத்து வேலை என்றால், இது ஏறக்குறைய வழக்கு மன்றத்து வேலை.

எருக்கும் தேக்கும் முதல் வகை. கருவேலத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. குழப்பம் அங்கே அதிகமாக இருப்பதும் அதனால்தான்.

கல்லூரியில் படித்தது எந்த முறை?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்தது ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் பெந்தாம், ஹூக்கர் இருவரின் வகைப்பாடு. 1862 முதல் 1883 வரை மூன்று தொகுதிகளாக லத்தீனில் வெளிவந்தது. பூக்கும் தாவரங்களை இருவித்திலை, ஒருவித்திலை என்று பிரித்து, இருவித்திலையை அல்லி இதழ்கள் இணையாதவை, அல்லி இதழ்கள் இணைந்தவை, ஒரே பூவுறை உடையவை என்று மூன்றாக்கியது. சென்னை மாகாணத்துத் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் நூலும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது. (கேம்பிள் 1925-இல் காலமானார்; மீதியை முடித்தவர் ஃபிஷர்.)

இந்த முறையின் பலம், அது காகிதத்தில் கற்பனையாகப் பிறந்தது இல்லை என்பது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து உலர்தாவரங்களை நேரில் பிரித்துப் பார்த்து எழுதிய விவரணைகள் அவை. இன்றும் அவற்றில் குறை காண்பது கடினம். குறை வரிசையில்தான் இருந்தது. டார்வினின் நெருங்கிய நண்பர் ஹூக்கர். பரிணாமக் கொள்கை வெளியாகி மூன்றே ஆண்டில் முதல் தொகுதி வந்தது. இருந்தும் வகைப்பாட்டின் அடிப்படையில் பரிணாமம் இல்லை. தோற்றத்தில் எது எதைப் போலிருக்கிறது என்பதே அளவுகோல். அதனால்தான் சைகஸும் பைனும் அடங்கிய திறந்தவிதைத் தாவரங்களை இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவில் செருகி வைத்தார்கள். அந்தக் கால மாணவர்களுக்கே இது உறுத்தியது. தேர்வில் 'குறைகள்' என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார்கள்.

கேள்வியே மாறியது

ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-இல் முன்வைத்த கொள்கை மெல்ல மெல்ல உயிரியல் முழுவதும் பரவியது. அதன் சாரம்: ஒரு குழுவுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், அதில் ஒரு மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும் இருக்க வேண்டும். யாரையும் விடக்கூடாது, வெளியாரைச் சேர்க்கவும் கூடாது. இதை ஒற்றை மரபுக் குழு எனலாம்.

'யாரையும் விடக்கூடாது' என்பதில்தான் பலருக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரு தாத்தாவின் வம்சாவளி எழுதும்போது, வெளிநாடு போய் நடை உடை எல்லாம் மாறிவிட்ட பேரனைத் தனிக் குடும்பம் என்று வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை மட்டும் 'தாத்தாவின் வம்சம்' என்றால் அந்தப் பட்டியல் பொய். பழைய வகைப்பாட்டில் இப்படி வெட்டி எடுக்கப்பட்ட பேரன்கள் ஏராளம்.

மூதாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? 1990-கள் வரை உருவ ஒப்பீடுதான் முதன்மையான வழி. பிறகு மரபணு வந்தது. இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்தில் 'ஆர்பிசிஎல்' என்றொரு மரபணு உண்டு. காற்றிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதியின் பெரிய பகுதிக்கான குறிப்பு அதில் இருக்கிறது. பச்சைத் தாவரம் எதை எடுத்தாலும் அநேகமாக அது கிடைக்கும், மெதுவாகவே மாறும், ஆகவே ஒப்பிட ஏற்றது. 1993-இல் ஏறக்குறைய 500 விதைத் தாவரங்களின் ஆர்பிசிஎல் வரிசையை ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. அதன் தொடர்ச்சியாக 'பூக்கும் தாவர மரபுவழிக் குழு' என்ற பெயரில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 1998-இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டனர். 2003, 2009, 2016 ஆண்டுகளில் அதைத் திருத்தினர். 2016 பதிப்பில் 64 துறைகள், 416 குடும்பங்கள். செயலிகள் பெரும்பாலும் காட்டுவது இந்த வரிசையை ஒட்டியதுதான்.

எருக்கு: தனிக் குடும்பம் கலைந்த கதை

எருக்கு, வேலிப்பருத்தி, நன்னாரி எல்லாம் அஸ்கிளிபியடேசி. அரளி, நித்தியகல்யாணி எல்லாம் அபோசைனேசி. இதுதான் பழைய பாடம். இந்தப் பிரிவினையைச் செய்தவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், 1810-இல். அதற்குக் காரணம் எருக்கம்பூவிலேயே இருக்கிறது.

ஒரு எருக்கம்பூவைப் பறித்து நடுவிலுள்ள கிரீடம் போன்ற அமைப்பை லென்ஸ் வழியாகப் பாருங்கள். உச்சியில் ஐந்து மூலை கொண்ட தட்டு இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் கடுகின் கால்வாசி அளவில் ஒரு கரும்புள்ளி. ஊசி முனையை அதன் கீழே செருகி மேலே தூக்கினால், புள்ளியோடு இரண்டு மஞ்சள் பைகள் தொங்கிக்கொண்டு வெளியே வரும். அவைதான் பொல்லினியம். மகரந்தம் தூளாக உதிராமல் பை பையாக இருக்கிறது. கரும்புள்ளி ஒரு கவ்வி. பூவுக்கு வரும் கருநிறத் தச்சு வண்டின் காலைக் கவ்விக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. இப்படி ஓர் ஏற்பாடு அரளியில் இல்லை. பார்த்ததும் தனிக் குடும்பம் என்று சொல்லத் தோன்றும், பிரவுனுக்கும் தோன்றியது.

மரபணு சொன்னது வேறு. எருக்கு வகையறா, அரளி வகையறாவுக்குப் பக்கத்தில் நிற்கும் தனி மரபு இல்லை. அந்த மரபுக்கு உள்ளேயே பிற்காலத்தில் கிளைத்த ஒரு கிளை. அரளி வகைகளில் சில, மற்ற அரளி வகைகளைவிட எருக்குக்கே நெருக்கம். எருக்கைத் தனியே வைத்தால் அபோசைனேசி அரைகுறைப் பட்டியல் ஆகிவிடுகிறது. ஆகவே அஸ்கிளிபியடேசி உள்ளே வந்தது.

சான்று கையிலேயே இருக்கிறது. ஒடித்தால் பால், இரண்டிரண்டாக வரும் காய், எருக்கிலும் அரளியிலும் வெடித்ததும் பறக்கும் பட்டுக் குச்சம் வைத்த விதை. பொல்லினியம் வியப்பான அமைப்புதான். ஆனால் வியப்பாக இருப்பதற்காகத் தனிக் குடும்பம் தர முடியாது. (ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். ஆராய்ந்த கையைக் கழுவாமல் கண்ணாடியைச் சரிசெய்ய வேண்டாம்.)

தேக்கு: எல்லைக்கோடு தவறிய இடம்

இது வேறு விதச் சிக்கல். துளசிப் பூவின் சூலகம் நான்காகப் பிளவுபட்டு, நடுப்பள்ளத்தின் அடியிலிருந்து சூலகத்தண்டு எழும். தேக்கு, நொச்சி, குமிழ், உண்ணிச்செடி ஆகியவற்றில் சூலகம் பிளவுபடாமல் உச்சியிலிருந்து தண்டு எழும். அடியிலிருந்து எழுந்தால் லேபியேட்டே, உச்சியிலிருந்து எழுந்தால் வெர்பினேசி என்று கோடு போட்டார்கள். தெளிவான கோடு, தேர்வுக்கும் வசதி. ஆனால் அடியிலிருந்து தண்டு எழும் பண்பு ஒரே ஒரு முறை தோன்றியதில்லை. தனித்தனி மரபுகளில் தோன்றியிருக்கிறது. அதை வைத்துப் போட்ட கோடு உறவைக் குறுக்கே வெட்டிவிட்டது.

உண்மையான எல்லை மஞ்சரியில், அதாவது பூங்கொத்து மலரும் முறையில் இருக்கிறது. உண்ணிச்செடியின் பூங்கொத்தில் வெளி வட்டம் முதலில் மலர்ந்து நிறம் மாறியிருக்கும், நடுவில் இன்னும் மொட்டு. அது நுனிவளர் மஞ்சரி. தேக்கின் பெரிய பூங்கொத்தில் ஒரு சிறு கிளை நுனியை எடுத்தால், கவட்டையின் நடுவில் ஒரு பூ முதலில் மலர்ந்திருக்கும், இரு பக்கமும் பின்னால் வரும். அது நுனிவளரா மஞ்சரி. துளசிக் கதிரின் ஒவ்வொரு கணுவிலும் ஆறு பூ இருப்பதும் எதிரெதிரே நிற்கும் இரண்டு மூன்று-பூக் கொத்துகளால்தான். இந்தப் பண்புப்படி தேக்கு, நொச்சி, குமிழ் மூன்றும் துளசியோடு லேமியேசிக்கு (லேபியேட்டேயின் இன்றைய பெயர்) போயின. உண்ணிச்செடி வெர்பினேசியிலேயே தங்கிவிட்டது. பெரிய மரத்துக்கும் மாடத்துச் செடிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள், உயரம் குடும்பத்தை முடிவு செய்வதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூங்கிலும் அருகம்புல்லும் ஒரே குடும்பம் என்பதில் யாருக்கும் தயக்கம் இல்லையே.

லேபியேட்டே என்ற பழைய பெயரும் செல்லும். இப்படி எட்டுக் குடும்பங்களுக்கு மட்டும் பழைய பெயரையும் விதித்தொகுப்பு அனுமதிக்கிறது.

சேர்ந்தவை, சிதறியவை

மற்ற பெரிய மாற்றங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. இலவம் இருந்த பாம்பகேசி, கோகோ இருந்த ஸ்டெர்குலியேசி, சணல் இருந்த டிலியேசி மூன்றும் செம்பருத்தி, வெண்டை, பருத்தி இருக்கும் மால்வேசியில் கரைந்தன.

2. மாதுளைக்கென்று இருந்த பியூனிகேசி இல்லை. அது மருதாணியின் லித்ரேசியில் சேர்ந்தது.

3. லிலியேசி உடைந்து சிதறியது. வெங்காயம் அமரில்லிடேசிக்கும், சோற்றுக்கற்றாழை அஸ்ஃபோடெலேசிக்கும், தண்ணீர்விட்டான் கிழங்கு அஸ்பராகேசிக்கும், செங்காந்தள் கொல்கிகேசிக்கும் போயின.

4. 'இருவித்திலை' என்பதே ஒற்றை மரபு இல்லை என்றாயிற்று. செண்பகம், சீத்தா, மிளகு ஆகியவை சார்ந்த பழைய கிளை ஒன்று. குளத்து அல்லிக்கொடி சார்ந்த, அதைவிடப் பழைய கிளை இன்னொன்று. மற்ற இருவித்திலைகள் 'மெய் இருவித்திலை'. மெய் இருவித்திலையின் மகரந்தத்தில் அடிப்படையில் மூன்று துளைகள். செண்பக வகையில் ஒருவித்திலையைப் போல ஒன்று. ஒருவித்திலை அப்படியே முழுக் குழுவாக நிற்கிறது.

5. அவரைக் குடும்பம் ஒரே குடும்பமாகவே தொடர்கிறது; உட்பிரிவு மட்டும் 2017-இல் மூன்றிலிருந்து ஆறானது. கருவேலமும் தொட்டாற்சுருங்கியும் கொன்றையின் உட்பிரிவுக்குள் வந்தன; கொன்றையோடு இருந்த புளியும் மந்தாரையும் தனித்தனிப் பிரிவுக்குப் போயின.

கருவேலம் பெயரை இழந்தது, வன்னி காத்துக்கொண்டது

அக்கேசியா என்ற பேரினத்தில் (அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும்) ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தன. மரபணு ஆய்வில் அது பல தனி மரபுகளின் கலவை என்று தெரிந்தது. பிரித்தாக வேண்டும். பிரித்தால் 'அக்கேசியா' என்ற பெயர் எந்தத் துண்டுக்கு?

விதி எளிது. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு மாதிரி இனத்தோடு கட்டப்பட்டிருக்கும். அந்த இனம் எங்கே போகிறதோ பெயரும் அங்கே போகும். அக்கேசியாவின் மாதிரி, ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வளரும் கருவேலம். விதிப்படி பெயர் நமக்குத்தான். ஆனால் அப்படிச் செய்தால் ஆஸ்திரேலியாவின் ஏறக்குறைய ஆயிரம் இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டும். கருவேலத்தின் கூட்டம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே மாதிரியையே ஆஸ்திரேலிய இனமாக மாற்றும்படி ஒரு முன்மொழிவு வந்தது. 2005-இல் வியன்னா மாநாட்டில் வாக்கெடுப்பு. எதிர்த்தவர்களே அதிகம். ஆனால் முன்மொழிவை ஏற்கச் சொன்ன பெயரிடல் குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 விழுக்காடு வேண்டும் என்ற நடைமுறையால் பரிந்துரை நின்றது. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. 2011-இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதி செய்தது.

விளைவு: கருவேலம் வாச்செல்லியா நிலோட்டிகா, குடைவேலம் வாச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ், சீயக்காய் செனகாலியா ருகாட்டா. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிய ஆஸ்திரேலிய வாட்டில் மரம் மட்டும் அக்கேசியாவாகவே இருக்கிறது. ஆயிரம் பெயர்களைக் காப்பாற்றும் நடைமுறை வசதி புரிகிறது. ஆனால் விதியை நம்பியவர்களுக்கு அது நியாயமாகப் படாததும் புரிகிறது.

புரோசோபிஸ் கதை இதற்கு நேர்மாறு. 2022-இல் அந்தப் பேரினம் பிரிக்கப்பட்டது. அதன் மாதிரி இனம், பல சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கும் நம் வன்னி. இங்கே யாரும் விலக்குக் கேட்கவில்லை. வன்னி புரோசோபிஸாகவே இருக்க, அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலம் நெல்டுமா ஆனது. செய்தித்தாள்கள் இன்னும் பழைய பெயரையே எழுதுகின்றன. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. பழைய பெயர் இணைப்பெயராக, அதாவது அதே செடிக்குரிய மாற்றுப்பெயராகப் பதிவில் இருக்கும்.

பெயர் மாற்றம் புதிய வழக்கமும் இல்லை. கேம்பிள் நூலில் கருவேலம் 'அக்கேசியா அரபிகா', வன்னி 'புரோசோபிஸ் ஸ்பைசிஜெரா'. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயரே முந்தியது என்ற முன்னுரிமை விதியால் கருவேலம் 'நிலோட்டிகா' ஆயிற்று. 2024-இல் மாட்ரிட் மாநாடு முதன்முறையாக வேறொரு காரணத்துக்காகப் பெயர்களை மாற்றியது: 'காஃப்ரா' என்று முடியும் பெயர்கள் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் மீதான வசைச்சொல்லிலிருந்து வந்தவை என்பதால் அவை 'அஃப்ரா' ஆகின்றன. நம் கல்யாண முருங்கையின் ஆப்பிரிக்க உறவான எரித்ரினா காஃப்ராவும் அதில் ஒன்று.

இதனால் யாருக்கு என்ன?

செங்காந்தளை எடுத்துக்கொள்வோம். மூலனூர்ப் பகுதியில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அங்கே அதன் பெயர் கண்வலிக் கிழங்கு. விதையிலும் கிழங்கிலும் கொல்கிசின் இருக்கிறது. கௌட் எனும் மூட்டு நோய்க்கு மருந்து, பயிர்ப்பெருக்கத்தில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கும் பொருள், அளவு மீறினால் உயிர்க்கொல்லி. ஐரோப்பாவில் இதே வேதிப்பொருளைத் தரும் செடி கொல்கிகம். பழைய முறையில் செங்காந்தள், வெங்காயம், கற்றாழை எல்லாம் ஒரே குடும்பம்; அந்தக் குடும்பப் பெயரால் நஞ்சைப் பற்றி எதுவும் ஊகிக்க முடியாது. புதிய முறையில் செங்காந்தளும் கொல்கிகமும் ஒரே குடும்பம். மருந்துப் பொருளோ நஞ்சோ தேடுகிறவருக்கு இப்போது குடும்பப் பெயரே ஒரு துப்பு.

ஆவணங்களிலும் விளைவு உண்டு. நூறாண்டு ஆய்வுகள், வனத்துறைப் பட்டியல்கள், மூலிகைப் பொட்டலங்கள் எல்லாம் பழைய பெயரில் இருக்கின்றன. வாச்செல்லியா என்று மட்டும் தேடினால் அக்கேசியா என்று எழுதிய அத்தனையும் தப்பிவிடும்.

திரும்பத் தொடங்குகிறவர் செய்யத் தக்கவை

1. புதிய பெயர்களை உருப்போடுவதில் தொடங்க வேண்டாம். புத்தம்புதிய தகவலை வேகமாகக் கையாளும் திறன் வயதோடு குறைகிறது, சேர்த்து வைத்த அறிவு நெடுங்காலம் நிற்கிறது என்று உளவியலாளர் ரேமண்ட் காட்டெல் பிரித்துக் காட்டினார். ஏற்கெனவே தெரிந்த செடியின் மேல் புதிய உறவைக் கோப்பதுதான் எளிது. 'எருக்கு அரளியின் கிளை' என்பது ஒரு முறை பூவைப் பிரித்துப் பார்த்தவருக்கு மறக்காது.

2. பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று போதும். அதன் குவியத்தூரம் ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பூவை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். அப்படிப் பிடித்தால் கண் கிட்டப் பார்வைக்குச் சிரமப்பட வேண்டியதில்லை. வெள்ளெழுத்து வந்தவர்களும் தெளிவாகப் பார்க்கலாம்.

3. பூச்சூத்திரம், சூலகக் குறுக்குவெட்டு, மஞ்சரி வகை ஆகியவை ஒன்றும் காலாவதி ஆகவில்லை. புதிய வகைப்பாட்டைச் சரிபார்ப்பதும் அவற்றைக் கொண்டுதான்.

4. செயலி சொல்வதை முடிவாகக் கொள்ளாமல், கியூ தோட்டம் 2017 முதல் இணையத்தில் நடத்தும் உலகத் தாவரப் பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஏற்கப்பட்ட பெயரும் இணைப்பெயர்களும் ஒரே பக்கத்தில் வரும். செயலி இனத்தையே தவறாகச் சொல்வதும் உண்டு; பூ இல்லாமல் இலையை மட்டும் படம் எடுத்தால் அது அதிகம்.

5. பழைய குறிப்பேட்டில் அடித்துத் திருத்த வேண்டாம். கோயம்புத்தூரில் உள்ள சென்னை உலர்தாவரகம் போன்ற இடங்களில், மாதிரித் தாளில் முதலில் எழுதிய பெயர்ச்சீட்டை யாரும் கிழிப்பதில்லை. புதிய பெயர், தீர்மானித்தவர் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். வீட்டுக் குறிப்பேட்டுக்கும் அந்த முறை பொருந்தும். 2029-இல் அடுத்த மாநாடு கூடும்போது இன்னொரு சீட்டுக்கும் இடம் விட்டு வைக்கலாம்.